மூவாயிரம் கிலோமீட்டர் ஸ்டிக்கர்

ஐந்து நாட்களாகத் தேடிக்கொண்டிருந்த கார், பேருந்து நிலையத்தின் இரண்டாம் மாடி பார்க்கிங்கில், இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே அளவெடுத்த மாதிரி நின்றுகொண்டிருந்தது. கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருந்தன. சக்கரங்கள் நேராக இருந்தன. ஓடிப்போகிற அவசரத்தில் இருப்பவன் வண்டியை நிறுத்துகிற லட்சணம் அது இல்லை.

"வண்டி பத்திரமா இருக்கு மேடம். பாக்கி புருஷன் மட்டும்தான்," என்றான் ரேடியோ.

சொல்லி முடித்த பிறகுதான், காணாமல் போன அந்த மனிதரின் மனைவி தனக்குப் பின்னால் நிற்பது அவனுக்கு ஞாபகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். நாற்பது வருட வாழ்க்கையில் முக்கால்வாசி நேரம் வாய் முந்திக்கொண்டு மூளை பின்னால் நொண்டி வருகிற பிறவி அவன். ரேடியோ என்ற பெயர் சும்மா வரவில்லை.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபம் என்ற ஒன்று இருப்பதே மறந்துபோனவள் மாதிரி, மாற்றுச் சாவியைச் சர்வேயரிடம் நீட்டினாள்.

சர்வேயர் என்பது ஐம்பத்தாறு வயது அம்மாள் ஒருவர். இருபத்திரண்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக நசுங்கிய வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று பம்பரைப் பார்த்தே சொன்னவர். அந்த வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்த பின்னும் ஊர் அவரைச் சர்வேயர் என்றே அழைத்தது. அந்த அலுவலகத்தில் டிரைவரும் உதவியாளுமான ரேடியோ, அவர் சிரித்துப் பார்த்ததில்லை. பார்க்காமல் விடுவதில்லை என்று நாலு வருடமாக முயன்றுகொண்டிருக்கிறான்.

"மறுபடி ஒரு தடவை சொல்லுங்க டாக்டர்," என்றார் சர்வேயர், கார் கதவைத் திறந்தபடி.

அவள் பல் டாக்டர். வீட்டின் முன்னறையிலேயே கிளினிக். கணவர் லிஃப்ட் இன்ஜினியர். பெரிய கட்டடங்களின் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கிற வேலை. சொன்ன எதையும் ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள்.

"திங்கட்கிழமை காலையில ஆபீஸ் போனார். போன் வீட்டு மேஜைமேலேயே இருந்துச்சு. அஞ்சு மணிக்கு ஆபீஸ்லேர்ந்து கிளம்பினதா சொல்றாங்க. வீட்டுக்கு வரலை."

"ஆபீஸ் எவ்வளவு தூரம்?"

"பதினாலு கிலோமீட்டர்."

"தினமும் எத்தனை மணிக்கு வருவார்?"

"ஒன்பது. டிராபிக்னு சொல்வார். ஒரு வருஷமா அப்படித்தான். ஆபீஸ்ல கேட்டப்பதான் தெரிஞ்சுது, தினமும் அஞ்சு மணிக்கே கிளம்பிடுவாராம்."

அரை மணிப் பயணத்துக்கு நாலு மணி நேரம். இதைக் கேட்டதும் போலீஸ் இன்ஸ்பெக்டர் மீசைக்குள் சிரித்தாராம். இன்னொரு வீடு இருக்கும்மா, அங்கேதான் இருப்பார், தானா வருவார் என்று ஃபைலை மூடிவிட்டாராம்.

"நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டார் சர்வேயர்.

"அப்படி ஒரு வீடு இருந்தா நல்லது. அங்கே இருந்தா உயிரோட இருக்கார்னு அர்த்தம். எனக்கு அது தெரிஞ்சா போதும்."

ரேடியோ தூணைப் பார்த்தான்.

"நான் அழலையேன்னு எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கறாங்க," என்று அவளே தொடர்ந்தாள். "பல் பிடுங்கறதுக்கு முன்னால தாடையில ஊசி போடுவேன். கிள்ளினாக்கூடத் தெரியாது. ரெண்டு மூணு மணி நேரத்துல சரியாயிடும். எனக்கு மட்டும் பதினாலு மாசமாச்சு. போன வருஷம் மார்ச் பதினொண்ணாம் தேதி பொண்ணு போனா. ஒன்பது வயசு. மூச்சுத் திணறல். அன்னையிலேர்ந்து இப்படித்தான்."

"மரத்தது சரியாகறது எப்படித் தெரியும் டாக்டர்?" என்று கேட்டான் ரேடியோ. ஏதாவது பேசியாக வேண்டுமே என்று கேட்டதுதான்.

"முதல்ல வலிக்கும்," என்றாள் அவள்.

காருக்குள் ஒரு பேப்பர் துண்டுகூடக் கிடக்கவில்லை. பார்க்கிங் சீட்டில் திங்கட்கிழமை, இரவு ஏழு நாற்பது. டேஷ்போர்டு அறையில் ஒரு சின்ன நோட்டு. ஒவ்வொரு முறை இன்ஜின் ஆயில் மாற்றியதும் தேதியும் கிலோமீட்டரும் அதில் அச்சடித்த மாதிரி எழுதியிருந்தது. ஏழு என்ற எண் வருகிற இடத்தில் எல்லாம் அதன் நடுவே ஒரு குறுக்குக் கோடு.

"ஏழுக்குக்கூட பெல்ட் போட்டு விட்டிருக்கார் மேடம். அவ்வளவு ஜாக்கிரதையான மனுஷன்."

சர்வேயர் முன்கண்ணாடியின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயில் மாற்றிய பிறகு மெக்கானிக் ஒட்டுகிற ஸ்டிக்கர். கோழி கிளறிய மாதிரிக் கையெழுத்து. மாற்றியது 61,730. அடுத்தது 64,730. தேதி, திங்கட்கிழமை.

"மூவாயிரத்துக்கு ஒரு தடவை ஆயிலா?" என்றான் ரேடியோ. "இந்த வண்டிக்கு பத்தாயிரம்னு கம்பெனிக்காரனே புத்தகத்துல போட்டிருக்கான். அந்த மெக்கானிக்குக்கு வீட்டுல கல்யாணச் செலவு ஏதாவது இருக்கும்."

"அல்லது," என்றார் சர்வேயர், "நமக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

டாக்டருக்கு நாலு மணிக்குப் பேஷண்ட் இருந்தது. ஐந்து நாளும் ஒரு பேஷண்டைக்கூட அவள் திருப்பி அனுப்பவில்லை. அவளை வீட்டில் இறக்கிவிட்டு, ஸ்டிக்கரில் இருந்த முகவரிக்கு வண்டியைத் திருப்பினான் ரேடியோ.

•

மெக்கானிக் ஷெட் ஒரு பழைய அச்சகத்துக்குப் பின்னால் இருந்தது. முன்பக்கம் திறந்த கூரை, பின்பக்கம் ஷட்டர் போட்ட இன்னொரு அறை. கூரையின் கீழே குறுக்கும் நெடுக்கும் கம்பி கட்டி, துணி காயப்போடுகிற கிளிப்பில் வெள்ளை அட்டைகள் தொங்கின. ஒவ்வோர் அட்டையின் நடுவிலும் ஒரு கறை. ஓரத்தில் வண்டி எண், தேதி, கிலோமீட்டர்.

மெக்கானிக் ஒல்லியான மனிதர். யார், எங்கிருந்து என்றுகூடக் கேட்காமல், நேராக ரேடியோ ஓட்டி வந்த அலுவலகக் காரின் பானெட்டைத் தூக்கி, ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார். பிறகு ரேடியோவைப் பார்த்தார். சாவு வீட்டில் துக்கம் விசாரிக்கிற பார்வை அது.

"கடைசியா எப்ப மாத்தினீங்க?"

"மாத்தறதில்லண்ணே. குறைஞ்சா மேல கொஞ்சம் ஊத்திக்குவேன்."

"என்ன ஆயில்?"

"கடையில போய், இருக்கறதுலயே கெட்டியா ஒண்ணு குடுங்கன்னு கேட்பேன்."

"ஏன், சுவருக்கு அடிக்கவா?"

ரேடியோவிடம் பதிலடி கொடுத்தவர்கள் குறைவு.

"கெட்டியா இருந்தா இன்ஜினுக்கு நல்லதுன்னு எவனோ கிளப்பி விட்டுட்டான்," என்றார் மெக்கானிக். "காலையில சாவியைத் திருப்பற நேரத்துலதான் இன்ஜின் ரொம்பத் தேயும். அந்த நேரத்துல ஆயில் சட்டுனு மேல ஏறணும். கெட்டியா இருந்தா அது பாட்டுக்கு சோம்பல் முறிச்சு மெதுவா வரும். டப்பாவுல ரெண்டு நம்பர் போட்டிருக்கும். முதல் நம்பர் குளிர்ல எப்படி ஓடும்னு சொல்லும். ரெண்டாவது சூட்டுல எவ்வளவு தாங்கும்னு சொல்லும். வண்டி செஞ்சவன் புத்தகத்துல எந்த நம்பர் போட்டிருக்கானோ, அதைத்தான் ஊத்தணும். நமக்குப் பிடிச்ச நம்பர் இல்ல."

"எவ்வளவு நாளைக்கு ஒரு தடவைண்ணே?"

"அதையும் புத்தகம் சொல்லும். ஆனா வண்டி எப்படி ஓடுதுன்னு புத்தகத்துக்குத் தெரியாது. அதனாலதான் நான் சொட்டு வெச்சிருக்கேன்." அட்டைகளைக் காட்டினார். "இறக்கற ஆயில்ல ஒரு சொட்டு அட்டையில விடுவேன். மறுநாள் அது பரவியிருக்கறதைப் பார்த்தா, அந்த வண்டி என்ன பாடு படுதுன்னு தெரிஞ்சுடும். ஊர்ல என் பேரே சொட்டுதான்."

"இவ்வளவு வேலைக்கும் ஆள் வெச்சுக்கலையா?" என்று கேட்டார் சர்வேயர்.

"இருபது வருஷமா ஒத்தை ஆளு மேடம். இன்னொருத்தர் கை பட்டா எனக்கு சாப்பாடு இறங்காது." சொட்டு கையை நீட்டினார். "சாவியக் குடுங்க தம்பி. இந்த நிலைமையில இந்த வண்டியை வெளியே அனுப்ப என் மனசு கேக்காது. இருபது நிமிஷம்."

காரைப் பின்னறைக்குள் ஓட்டிப்போய் நிறுத்திவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். சர்வேயர் லிஃப்ட் இன்ஜினியரின் வண்டி எண்ணைச் சொன்னார். துணியில் துடைத்துக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது. பிறகு அவர் கம்பியின் கடைசிக்குப் போய் நாலு அட்டைகளைக் கழற்றி வந்து, பெஞ்சில் வரிசையாக வைத்தார்.

முதல் அட்டையில் கறை தேன் நிறத்தில், சீராகப் பரவி இருந்தது. மற்ற மூன்றும் நடுவில் கறுப்பாக, சுற்றிலும் வெளிறிய ஒரு வளையத்தோடு இருந்தன.

"இந்த வளையம் பெட்ரோல். ஆயில்ல கலந்திருக்கு," என்றார் சொட்டு. "முதல் அட்டையைப் பாருங்க. ஒன்பதாயிரத்து நானூறு ஓடின ஆயில். இன்னும் ரெண்டாயிரம் தாராளமா ஓடும். வண்டியைக் கட்டி இழுத்துட்டு வந்தாங்க, பெட்ரோல் பம்ப் செத்துப்போச்சுன்னு. அது சொல்லிட்டு சாகற சாமான் இல்ல. வந்த கையோட ஆயிலையும் மாத்தி விட்டேன். அதுக்கு அப்புறம் வந்ததைப் பாருங்க. நாலாயிரத்துலயே கறுப்பு. அப்புறம் மூவாயிரத்துலயே கறுப்பு. மூவாயிரம் ஓடினது இருபதாயிரம் ஓடின மாதிரி வந்துச்சு. ஒரே வண்டி, ஒரே ஆயில், ஒரே ஆளு."

"எப்படி?"

"நின்ன இடத்துல இன்ஜின் ஓடினா அப்படித்தான் ஆகும். மீட்டர் நகராது. ஆயில் மட்டும் வேகும். ஒரு மணி நேரம் நின்னு ஓடினா, நாப்பது கிலோமீட்டர் ஓடின கணக்கு. சார்கிட்ட கேட்டேன், வண்டியை ஆஃப் பண்ணாம எங்கேயாவது நிக்கறீங்களான்னு. இல்லைன்னார். பொய். சொட்டு பொய் சொல்லாது. அதான் மூவாயிரம்னு எழுதி ஒட்டினேன். இன்னொண்ணு, அடியில ஆயிலை அடைச்சு வைக்கிற பேக்கிங் லேசா கசியுது. அதை மாத்த வண்டியை ஒரு நாள் விடணும். விடமாட்டேன்னுட்டார்."

"முதல் தடவை பம்ப் போனப்ப அவர்தான் வந்து வண்டியை எடுத்தாரா?"

"அவர் மச்சான் வந்து எடுத்தார். சார் அப்ப வரலை. ஏன்னு நானும் கேக்கலை."

சர்வேயர் முதல் அட்டையைக் கையில் எடுத்து வெகு நேரம் பார்த்தார். நசுங்கிய பம்பரைப் பார்க்கிற அதே பார்வை. "இதை நான் எடுத்துட்டுப் போகலாமா?"

"எடுத்துக்குங்க."

"திங்கட்கிழமை?"

"சாயங்காலம் வந்தார். ஆயில் மாத்தினேன். எடுத்துட்டுப் போனார். அதுக்கப்புறம் அந்த வண்டி இங்கே வரலை." சொட்டு எழுந்து பின்னறைக்குப் போய், நிதானமாக அலுவலகக் காரை வெளியே எடுத்து வந்து நிறுத்தினார். முன்கண்ணாடியின் மூலையில் புது ஸ்டிக்கர். "போய்ப் பாருங்க தம்பி, சத்தத்துலயே வித்தியாசம் தெரியும்."

உண்மையாகவே தெரிந்தது. பத்து வருடமாக இருமிக்கொண்டிருந்த கார் பூனை மாதிரிச் சத்தமில்லாமல் ஓடியது. ரேடியோவுக்கு அது கொஞ்சம் அவமானமாக இருந்தது.

•

"ஒன்பதாயிரத்து எண்ணூத்தி அறுபதை இருபத்தெட்டால வகுத்து சொல்லு," என்றார் சர்வேயர், வண்டி நகர்ந்ததும்.

"நான் சொல்றதுக்குள்ள ஆபீஸ் வந்துடும் மேடம்."

"முந்நூத்தி ஐம்பத்திரண்டு. பதினாலு மாசத்துல அவர் வேலைக்குப் போன நாள் அவ்வளவுதான் இருக்கும். போக பதினாலு, வர பதினாலு. நோட்டுல இருக்கற மொத்த ஓட்டமும் இதுக்கே சரியாப் போச்சு. ஒரு கிலோமீட்டர்கூட அவர் வழி மாறிப் போகலை."

"அப்போ அந்த இன்னொரு வீடு?"

"இருந்தா வழியிலதான் இருக்கணும். மூணரை மணி நேரம், இன்ஜின் ஓட, ஏசி ஓட, வழியில ஒரு இடத்துல நின்னிருக்கார். அடியில ஆயில் கசியற வண்டி. பதினாலு மாசம் ஒரே இடத்துல நின்னா, அந்த இடம் கையெழுத்துப் போட்டு வெச்சிருக்கும்."

"பதினாலு கிலோமீட்டரும் குனிஞ்சு பார்த்துட்டே வரணுமா மேடம்? என் முதுகு இன்ஷூர் பண்ணாத முதுகு."

"வீட்டுப் பக்கத்துலேர்ந்து ஆரம்பி."

ஆரம்பித்த இடத்திலேயே முடிந்தது. டாக்டர் வீட்டுத் தெருவில் எதுவும் இல்லை. கடைசித் திருப்பத்தில், வீடுகளின் பின்புறச் சுவர்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கிற குறுகலான சந்து ஒன்று இருந்தது. வாசல் எதுவும் அந்தப் பக்கம் திறக்காது. குப்பை வண்டியைத் தவிர யாரும் வராத இடம். சந்தின் நடுவில், ஒரு சுவரை ஒட்டினாற்போல, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம் தரையில் ஊறிக் கிடந்தது.

ரேடியோ குனிந்து விரலால் தொட்டு முகர்ந்தான். நிமிர்ந்தபோது, சுவருக்கு மேலே ஒரு ஜன்னல் தெரிந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. ஜன்னலுக்குள் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் டாக்டர்.

அவன் சர்வேயரின் கையைத் தொட்டு ஜன்னலைக் காட்டினான்.

இரண்டு நிமிடத்தில் டாக்டர் சுற்றிக்கொண்டு சந்துக்கு வந்தாள். கை இன்னும் ஈரமாக இருந்தது. கறுப்பு வட்டத்தைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

"இங்கேயா?"

"தினமும் அஞ்சரையிலேர்ந்து ஒன்பது வரைக்கும்," என்றார் சர்வேயர்.

"நான் அங்கேதான் நிப்பேன். அவர் வர்ற வரைக்கும். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிட்டு." அவள் தூரத்தை அளப்பது போல் பார்த்தாள். பத்தடி இருக்கும். "ஏன் உள்ளே வரலை?"

"அதை நீங்கதான் சொல்லணும். பொண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன அன்னைக்கு வண்டி வழியில நின்னுதா?"

டாக்டர், பேஷண்டின் சீட்டைப் படிக்கிற குரலில் பேசினாள்.

"மேம்பாலத்து மேல நின்னுது. வேற வண்டி கிடைக்க இருபது நிமிஷம் ஆச்சு. அந்த இருபது நிமிஷம் இருந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு சொன்னாங்க. அதுக்கு முந்தின வாரம் அவர் சொல்லியிருந்தார், ஆயில் மாத்த நாளாச்சு, வண்டியை ஷெட்ல விட்டுட்டு வான்னு. எனக்கு பேஷண்ட் இருந்தாங்க. அடுத்த வாரம் விடலாம்னு இருந்துட்டேன். நான்தான் விடலை. அவர் இது வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருக்கலாம்."

சர்வேயர் பையிலிருந்து அட்டையை எடுத்து அவள் ஈரக் கையில் வைத்தார்.

"தேதியைப் பாருங்க. மார்ச் பதிமூணு. உங்க பொண்ணு போய் ரெண்டு நாள் கழிச்சு இறக்கின ஆயில். நிறத்தைப் பாருங்க. இன்னும் ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். அன்னைக்கு வண்டி நின்னது ஆயிலால இல்ல. பெட்ரோல் பம்ப். யாராலயும் முன்கூட்டியே கண்டுபிடிச்சிருக்க முடியாது. பில்லு உங்க தம்பி கையில போச்சு. நீங்க ரெண்டு பேரும் அதைப் பார்க்கலை."

டாக்டர் அந்தத் தேன் நிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. ரேடியோவுக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"அவருக்கு இது தெரியுமா?"

"திங்கட்கிழமை சாயங்காலம் தெரிஞ்சிருக்கணும்."

"தெரிஞ்சா ஓடி வந்து என்கிட்ட சொல்லியிருப்பாரே." சொல்லிவிட்டு நிறுத்தினாள். பிறகு, மெதுவாக, தானே கண்டுபிடித்தாள். "இல்ல. வரமாட்டார். பதினாலு மாசமா நான்தான் காரணம்னு நினைச்சிருக்கார். வாயைத் திறந்தா சொல்லிடுவோம்னு இங்கே உட்கார்ந்திருக்கார். இப்ப இல்லைன்னு தெரிஞ்ச பிறகு எந்த முகத்தோட வருவார்?"

தெருவிளக்கு எரியத் தொடங்கியது. "எங்கே போயிருப்பார்?" என்று கேட்டாள். "பஸ் ஏறியிருப்பாரா? இல்ல வேற ஏதாவது..." அந்த வேற ஏதாவதை அவள் முடிக்கவில்லை. ஐந்து நாட்களாக அவள் முடிக்காமல் வைத்திருந்தது அதுதான்.

சர்வேயர் ரேடியோவைப் பார்த்தார். "நம்ம வண்டிக்கு இன்னைக்கு ஆயில் மாத்தினது யாரு?"

"சொட்டு அண்ணன்தான் மேடம்."

"அவர் நம்ம கூடவே பெஞ்சுல உட்கார்ந்து இருபது நிமிஷமும் அட்டை காட்டிட்டிருந்தார். வண்டி உள்ளே இருந்துச்சு. இருபது வருஷமா ஒத்தை ஆளு. அப்போ பழைய ஆயிலை இறக்கினது யாரு, புதுசை ஊத்தினது யாரு?"

ரேடியோ ஷெட்டில் இருந்தவர்களை விரல் விட்டு எண்ணினான்.

"அந்த வண்டி இங்கே வரலைன்னார். ஆள் வரலைன்னு சொல்லலை. போய் நம்ம ஸ்டிக்கரைப் பாரு."

அவன் ஓடினான். சந்தின் முனையில் நின்ற அலுவலகக் காரின் கண்ணாடியில் மூக்கு படக் குனிந்து பார்த்தான். கோழி கிளறிய எழுத்து இல்லை. அச்சடித்த மாதிரி எண்கள். மாற்றியது 1,17,270. அடுத்தது 1,22,270.

மூன்று ஏழு. மூன்றும் இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு நின்றன.

•

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது சொட்டு கூரைக்குக் கீழே ஸ்பேனர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். டாக்டரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்தேன்," என்றார் சர்வேயரிடம். "சொல்லலை. எல்லா ஸ்டிக்கரையும் நான்தான் எழுதுவேன். இன்னைக்கு உங்க வண்டிக்கு மட்டும் அவரை எழுதச் சொன்னேன். நீங்க சுத்தி சுத்திப் பார்க்கற ஆளுன்னு தெரிஞ்சுது." பிறகு டாக்டரிடம், குரல் இறங்கி, "எனக்கு அப்ப உங்க பொண்ணு விஷயம் தெரியாதும்மா. திங்கட்கிழமை அவர், அன்னைக்கு ஆயில் சரியா இருந்திருந்தா வண்டி ஓடியிருக்கும்லன்னு கேட்டார். ஆயில் இல்ல சார், பம்ப்னு சாதாரணமாச் சொன்னேன். அப்படியே தரையில உட்கார்ந்துட்டார். அப்புறம் போய் வண்டியை எங்கேயோ விட்டுட்டு நடந்தே திரும்பி வந்தார். அவரைத் தனியா விட எனக்கு பயமா இருந்துச்சு. கையில ஸ்பேனரைக் குடுத்தேன்."

ஷட்டரைத் தூக்கிவிட்டார்.

ஒற்றை பல்புக்குக் கீழே, ஐந்து நாள் தாடியோடு, லிஃப்ட் இன்ஜினியர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்டிக்கர்களுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். எழுந்தார். கையிலிருந்த ஆயில் கறையைப் பழந்துணியில் துடைக்க ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள் அவள்.

தலையாட்டினார். "பம்ப்புதான்," என்றார். "ஆயில் இல்ல."

"தெரியும்."

"நான் உன்னை..."

"அதுவும் தெரியும்."

"தினமும் கோபம் தணியட்டும்னு அங்கே நிப்பேன். தணியாது. ஒன்பது மணிக்கு அசந்துடும். அப்புறம் உள்ளே வருவேன்."

"வண்டியை ஏன் ஓட விட்டீங்க?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "நிக்குதான்னு பார்ப்பேன். அன்னைக்கு இன்னும் இருபது நிமிஷம் ஓடியிருந்தா போதும். இப்ப நாலு மணி நேரம் ஓடுது. ஒரு நாள்கூட நிக்கலை."

ரேடியோ தன் செருப்பைப் பார்த்தான்.

"நானும் என்னைத்தான் நினைச்சேன்," என்றாள் டாக்டர். "நீங்க கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன். ரெண்டு பேரும் ஒரே பொய்யை நம்பிட்டு, ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்னிருக்கோம்." அவள் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். சுவரோரம் கிடந்த டயரின்மேல் மெல்ல உட்கார்ந்தாள்.

"என்னம்மா?" அவர் ஆயில் கையோடு அவள் முன்னால் மண்டியிட்டார்.

"வலிக்குது," என்றாள்.

"எங்கே?"

"தெரியலைங்க. எல்லா இடத்துலயும்."

அப்புறம் வந்த அழுகை பதினாலு மாதத்து அழுகை. அவர் கறுத்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்றில் வைத்திருந்தார். அவள் அதைப் பிடித்து இழுத்துத் தன் முகத்தோடு வைத்துக்கொண்டாள். சொட்டு ஷட்டரை ஓசைப்படாமல் பாதிக்கு இறக்கிவிட்டு, தெருவைப் பார்த்து நின்றுகொண்டார்.

சர்வேயரும் ரேடியோவும் காரில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களை வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும் என்பதற்காக, இறங்கும்போது அவன் வண்டியை ஆஃப் செய்யாமல் விட்டிருந்தான். அது புது ஆயிலில் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ரேடியோ ஒரு ஜோக்குக்கு வாயெடுத்து, பக்கத்தில் திரும்பினான். சர்வேயர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. அவன் ஜோக்கை விழுங்கிவிட்டான்.

"இன்ஜினை நிறுத்து," என்றார் அவர். "அவங்க வர நேரமாகும்."

ரேடியோ சாவியைத் திருப்பினான்.